இருபத்தெட்டை இருபத்தொன்பது ஆக்கியவர்கள்

புத்தூரில் எங்கள் தெருவுக்கு நான் நர்ஸ். திருப்பதியில் என்ன உத்தியோகம் என்று யாரோ கேட்டபோது, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் "பிரஷர் பாக்கற வேலை" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். "கொஞ்சம் பாரும்மா, காலையிலேர்ந்து தலை சுத்திக்கினே கீது" என்றார். நான் பார்ப்பது மனுஷருக்கு இல்லை, கடலுக்கு என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கடலுக்கும் வரும்தான். அவ்ளோ உப்பு கீதே" என்றார்.

அன்றைக்குச் சிரித்தேன். அதற்கப்புறம் இந்த வேலையை நினைத்துச் சிரித்த ஞாபகம் இல்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் வருவதற்கு முந்தைய காலத்தில், கடலுக்கு மேலே காற்றழுத்தம் எந்த நாளில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. நடுக்கடலில் யார் போய் உட்கார்ந்து அளப்பார்கள்? அந்த வழியாகப் போன கப்பல்கள் அளந்தன. பாதரசக் குழாயைப் பார்த்து, இத்தனை அங்குலம் என்று எழுதி வைத்தார்கள். வங்காள விரிகுடா முழுவதற்கும் ஒரு நாளைக்கு நாலைந்து கப்பல் கிடைத்தால் அதிகம். சில நாள் ஒன்றுகூட இருக்காது. அந்த நாலைந்து எண்களையும், கரையோரத் துறைமுகங்களில் அளந்ததையும் வைத்துக்கொண்டு, நடுவில் காலியாகக் கிடக்கிற கடலை நிரப்ப வேண்டும். இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள் போனவர் முதல் பாதிக் கதையைச் சொல்கிற மாதிரியான வேலை.

அது முடியாத காரியம் இல்லை. நன்றாக அளந்து வைத்திருக்கிற இந்தக் காலத்து வருஷங்களைப் பார்த்தால், இங்கே அழுத்தம் இப்படி இருந்தால் அங்கே இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பழக்கம் தெரியும். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் இரண்டு விஷயத்தில் நாணயம் வேண்டும். எது அளந்தது, எது நாம் ஊகித்தது என்பதை மறைக்கக் கூடாது. கப்பலில் நின்றவன் எழுதினதை மாற்றக் கூடாது. சூட்டில் பாதரசம் விரியும், அதற்குத் திருத்தம் உண்டுதான். அந்தத் திருத்தத்தைப் பக்கத்தில் தனியாகப் போட வேண்டும். அவன் எழுதினது அவன் எழுதினபடியே இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை உண்டு. தெலுங்கிலிருந்து வந்து, தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. சர்துக்கோ. நகர்ந்துக்கோ, பொறுத்துக்கோ, இருக்கிறதை வைத்துச் சமாளி, எல்லாம் அதற்குள் அடக்கம். காலை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து "கொஞ்சம் சர்துக்கோம்மா" என்பார், நானும் இடுப்பைச் சுருக்குவேன். கல்யாணமான புதிதில் சமையலறையில் சர்துக்கோ. ஆபீசில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் சர்துக்கோ. கலைந்து கிடக்கிற சாமானை ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கும் இதே வார்த்தைதான், சர்துவது. அடுக்குவதற்கும் அடங்குவதற்கும் ஒரே வார்த்தையை வைத்தவர் யாரோ, அவர்மேல் எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல் உண்டு.

இந்த வேலையில் எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. என் அக்காவைக் கொடுத்திருப்பது தடா பக்கம், பழவேற்காடு ஏரியை ஒட்டின ஊரில். கடல் பொங்கினால் ஏரி பொங்கும், ஏரி பொங்கினால் அக்கா வீட்டு அடுப்பு வரைக்கும் உப்புத் தண்ணீர் வரும். அந்த ஊருக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்று வரப்போகிறது என்றும், அதன் தரையை எவ்வளவு உயரத்தில் போடுவது என்று முடிவு செய்கிற இன்ஜினியர்களுக்கு எங்கள் வரைபடங்கள்தான் போகின்றன என்றும் தெரிந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். கணக்கு என்னவென்று விளக்கினேன். நடுவில் அழுத்தம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, புயல் அவ்வளவு மோசம், தண்ணீரும் அவ்வளவு ஏறும். பழைய புயல்கள் எவ்வளவு இறங்கின என்று நாங்கள் சொல்வோம், தண்ணீருக்கு மேலே தரை நிற்கிற மாதிரி அவர்கள் கட்டுவார்கள். "அப்போ எங்க உசிரு உன் கம்ப்யூட்டர்ல கீதுன்னு சொல்லு" என்று அக்கா சிரித்தாள்.

பிறகு ஒரு நாள், பழைய வருஷம் ஒன்றின் நவம்பர் மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு நேர் கிழக்கே ஒரே ஒரு கப்பல். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழுத்தம் எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்பது புள்ளி ஆறு. அடுத்தது இருபத்தொன்பது புள்ளி மூன்று. அடுத்தது இருபத்தொன்பது புள்ளி ஒன்று. இறங்கிக்கொண்டே வருகிறது. அதற்கப்புறம் திடீரென்று இருபத்தொன்பது புள்ளி ஏழு. அழுத்தம் ஏறிவிட்டது, வானம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பக்கத்துப் பத்தியில் காற்றின் வேகம் பன்னிரண்டு என்று இருக்கிறது. அந்த அளவுகோலில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. கப்பலின் பாய்கள் கிழிந்து போயின என்று ஒரு குறிப்பு வேறு. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை என்று சொன்னால் எந்த டாக்டர் நம்புவார்?

எங்கள் கம்ப்யூட்டர் நம்பியிருந்தது. அந்த வார வரைபடத்தில் வங்காள விரிகுடா அசையாத குளம் போலக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் கரையில் ஊர்கள் முழுகியிருக்கின்றன. செத்தவர்களிடம் போய், அன்றைக்கு வானிலை நன்றாகத்தானே இருந்தது, நீங்கள் ஏன் செத்தீர்கள் என்று கேட்கிற வரைபடம் அது.

கப்பல் குறிப்பேடுகளின் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் வேலையை எங்கள் ஆபீஸ் சித்தூரில் ஒரு தனியார் இடத்துக்குக் கொடுத்திருந்தது. போன் செய்தால் மழுப்புவார்கள் என்று நேரிலேயே போனேன். மாங்காய் சீசன். சந்திரகிரியைத் தாண்டி பஸ் நன்றாகத்தான் ஓடியது, சித்தூருக்குள் நுழையும்போது ஜூஸ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்று வழியை அடைத்திருந்தன. பழுத்து நசுங்கின மாங்காய் வாசனையில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்து, மனசுக்குள் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

பைப் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். உள்ளே வரிசையாகப் பெண்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்ப்பவளும் பெண்தான், என்னைவிடச் சின்னவள். மோர் கொடுத்து உட்கார வைத்தாள். நான் சொன்ன பக்கத்தின் படத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டினாள். அழகான கையெழுத்து. அந்தக் காற்றிலும் எழுத்து கோணவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை, இருபத்தெட்டு புள்ளி ஏழு.

"இது இருபத்தெட்டுதானே?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்."

"நீங்க இருபத்தொம்போதுன்னு அடிச்சிருக்கீங்க."

அவள் முகம் மலர்ந்தது. பாராட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "அவங்க தப்பா எழுதிட்டாங்க மேடம், நாங்க சர்திட்டோம். மேல பூரா இருபத்தொம்போது, கீழ பூரா இருபத்தொம்போது. நடுவுல மட்டும் எப்டி இருபத்தெட்டு வரும்? கப்பல் ஆடிக்கினு இருந்திருக்கும், கை தவறியிருக்கும். பாவம்."

அந்தப் 'பாவம்' என்கிற வார்த்தையில் என் பொறுமை போயிற்று. கை தவறவில்லை என்று கத்தினேன். கப்பல் கவிழுகிற மாதிரி சாய்கிறபோது, எதையோ பிடித்துக்கொண்டு நின்று, கண்ணால் கண்டதை எழுதினான் ஒருத்தன், அவனுக்கு நீ டீச்சரா, சிவப்பு மை எடுத்துத் திருத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. இந்த ஒன்று மட்டுமா, வேறேயும் உண்டா என்று கேட்டேன்.

"எல்லா பைல்லயும் பாத்துப் பாத்துத்தான் சர்தினோம் மேடம்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "மொதல்ல இருக்கறத அப்டியேதான் அடிச்சோம். நீங்கதான் திருப்பி அனுப்பிக்கினே இருந்தீங்க."

"நாங்களா?"

அவள் சுவரைக் காட்டினாள். அச்செடுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்து எண்களோடு ஒத்துப்போகாத எண் இருந்தால் அந்த பைல் முழுவதும் பிழை என்று திருப்பி அனுப்பப்படும், முதலிலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். அனுப்பியது திருப்பதியிலிருந்து, எங்கள் ஆபீஸ். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. புயல் என்றால் பக்கத்து எண்ணோடு ஒத்துப்போகாமல் இருப்பதுதான். ஒத்துப்போகாததை அனுப்பாதே என்று சொல்வதும் புயலை அனுப்பாதே என்று சொல்வதும் ஒன்று. இந்தப் பெண்கள் உண்மையை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். பிழை என்று திருப்பி அனுப்பி, பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நாங்கள். கத்தினதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்ல மேடம் என்றாள். அவளும் சர்துக்கொண்டாள், வேறென்ன.

எங்கள் திட்டத் தலைவர் தெலுங்கர். என்னிடம் பேசும்போது பிரியமாகத் தமிழையும் கலந்துகொள்வார். மறுநாள் அவர் அறைக்குப் போய் நின்று விஷயத்தைச் சொன்னபோதும் கலந்துகொண்டார்.

"எந்துக்கம்மா இவ்ளோ டென்ஷன்? ஒரு கப்பல்தானே."

"அந்த நாளு அந்தக் கடல்ல அந்த ஒரு கப்பல்தான் சார் இருந்துச்சு. வேற ஆளே இல்ல."

"அதோட பாரோமீட்டர் ரிப்பேரா இருந்திருக்கும்."

"ரெண்டு நாள் கழிச்சு அதே கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துல வந்து நிக்குது. துறைமுகத்துக்காரங்க அளந்ததும் அதுல அளந்ததும் ஒண்ணாவே கீது. ரிப்பேரான பாரோமீட்டர் தனக்குத்தானே வைத்தியம் பாத்துக்கிச்சா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் அவருக்குத் தெரியும், அவர் முட்டாள் இல்லை. இந்த வரைபடங்களைப் பற்றி எழுதின கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, வரைபடங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, திட்டம் முடியப்போகிறது, இனி எல்லாப் பக்கத்தையும் மறுபடி அடிப்பது என்றால் நடக்கிற காரியமா என்றார். தாறுமாறான எண்கள் இல்லாததால்தான் எங்கள் வரைபடங்கள் கப்பல் எண்களோடு ஒப்பிட்ட சோதனையில் அவ்வளவு நன்றாகப் பொருந்தின என்பதையும் அவரே சொன்னார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. ஒத்துப்போகாதவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பார்த்தாயா எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று பெருமை பேசுவதைப் போல.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்மா. இப்போதைக்கு சர்துகோண்டி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், முழுப் புயலை மறைத்துவிட்டு ஒருவர் டீ குடிப்பதை அங்கேதான் பார்த்தேன். "கப்பல்காரன் சர்துக்கல சார்" என்றேன். "அவன் பயந்துக்கினுதான் இருந்திருப்பான், ஆனா பாத்தத எழுதினான். நாம ஏசி ரூம்ல குந்திக்கினு அத அழிச்சிருக்கோம்." அக்கா ஊரைச் சொன்னேன். அந்தக் கட்டடத்தின் தரை இந்த வரைபடத்தை நம்பித்தான் எழும்புகிறது என்று சொன்னேன். என் குரல் வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்ஜினியருங்க எப்பவும் கொஞ்சம் ஜாஸ்தி சேத்துத்தான் போடுவாங்கம்மா, பயப்படாதீங்க" என்றார்.

இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை அந்த ஆபீசில் நான் கேட்டதில்லை. அவர்கள் எங்கள் எண்ணை நம்பி அதற்கு மேலே கொஞ்சம் சேர்க்கிறார்கள். நாங்கள் அவர்கள் சேர்க்கிற கொஞ்சத்தை நம்பி எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறோம். ஆளாளுக்கு அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று படுத்துத் தூங்க, தண்ணீர் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்?

இன்ஜினியர் ஆபீசுக்கு நானே எழுதினேன். பதில் போனில் வந்தது. உங்கள் தலைவர் கையெழுத்து இல்லாமல் நாங்கள் எதையும் மாற்ற முடியாது, தூண்கள் எழும்பிவிட்டன என்றார்கள். அதற்கப்புறம் ஆபீசில் எனக்குத் 'துபான் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். துபான் என்றால் தெலுங்கில் புயல். வைத்துக்கொள்ளட்டும், அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒரே புயல் நான்தான். சித்தூர்ப் பெண் மட்டும் கேட்காமலே பக்கங்களின் படங்களை எனக்கு அனுப்ப ஆரம்பித்தாள். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில பக்கங்களுக்கு ஒரு தடவை, கொல்லப்பட்ட இருபத்தெட்டு ஒன்று வரும். எத்தனை புயலை இப்படிச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்று எல்லாப் பக்கத்தையும் பார்த்து முடித்தால்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் கணக்கையே முதலிலிருந்து போட முடியும். தனி ஆளாகப் பார்த்து முடிக்கிற அளவுப் பக்கங்கள் இல்லை அவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியவேடு வழியாக அக்கா ஊருக்குப் போனேன். வந்த களைப்பு தீரவிடாமல், கட்டடத்தைக் காட்டுகிறேன் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தூண்கள் நின்றன. தரைக்குக் கான்கிரீட் இன்னும் போடவில்லை, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரில் பத்துப் பேர் எப்போதும் இருப்பார்கள் போல. அக்கா என் கையை விடாமல் அவர்களிடம் சொன்னாள். "இவதான் என் தங்கச்சி. இந்தக் கட்டடத்துக்குக் கணக்கு போட்டவ."

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? ஒரு அம்மாள் பக்கத்தில் நின்ற பையனை ஓடிப்போய் கூல்டிரிங்க் வாங்கிவரச் சொன்னார். "போன தடவ தண்ணி வந்தப்போ புள்ளைங்கள தூக்கிக்கினு லாரி மேல நின்னுக்கினு இருந்தோம்" என்றார் அவர். "இனிமே எங்கயும் ஓட வாணாம். எம்மா, நீ நல்லா இருக்கணும்."

என்னால் தாங்க முடியவில்லை. அக்காவின் காதுக்குக் குனிந்தேன். "அக்கா, தண்ணி வருதுன்னா நீ இங்க ஏறாத. டிவியில சொன்னதுமே புள்ளைங்கள இட்டுக்கினு புத்தூர் வந்துடு."

"இன்னா சொல்ற நீ?"

சொன்னேன். கணக்கில் போன எண்கள் தப்பு, தரை இந்த உயரத்தில் இருந்தால் போதாது என்று சொன்னேன். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்போ இவங்கள்லாம்?"

எல்லோரும் திரும்பினார்கள். இனிமேல் காதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களிடமும் சொன்னேன், முழுசாகச் சொன்னேன், கப்பலையும் சித்தூரையும் எங்கள் ஆபீசையும் சேர்த்து. யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

"தரை இன்னும் போடலியேம்மா. நல்லதாப் போச்சு, இப்பவே சொல்லு" என்றார். "நாங்க ஊரா போயி நின்னு அவங்கள ஏத்த வெச்சுக்கறோம். எவ்ளோ ஒசத்தணும்? ஒரு அடியா? ஒரு ஆள் ஒசரமா?"

"தெரியாது" என்றேன்.

"சுமாரா சொல்லும்மா."

வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். என் வாயில் ஒரு எண் வந்துகூட விட்டது.

"தெரியாது" என்றேன் மறுபடியும்.

அக்கா என் கையை விட்டாள்.